"வென்றோம்" என்பவர் யார்? அயர்லாந்தின் கவுண்டி அணிகளும் ஊரார் பேச்சும்



மொழியைப் பற்றிய பொழிவு வரிசையில் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் நம்மில் பெரும்பாலோர் ஆடியும் பார்த்தும் அறியாத அயர்லாந்து நாட்டு விளையாட்டுகள். எனினும் இன்று நம் கவனம் ஆட்டத்தைவிட, ஆட்டம் முடிந்தபின் ஊரார் கூடிப் பேசும் பேச்சின் மீதே இருக்கப் போகிறது. அந்தப் பேச்சில் ஒரு சிறு சொல் ஓயாமல் வருகிறது. "வென்றோம்", "தோற்றோம்", "நம் தடுப்பு வரிசை சரியில்லை", "அடுத்த ஆண்டு நமக்குத்தான்" என்று பேசுபவர் பெரும்பாலும் களத்தில் கால் வைக்காதவர். அறுபது வயதைக் கடந்தவராகவும் இருப்பார். எந்த உரிமையில் அவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார்? இலக்கண வகுப்பில் ஒரு வரியில் கடந்து போகும் அந்தப் பன்மைக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள்? இவையே இவ்வுரையின் கேள்விகள்.

முதலில் ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஹர்லிங் என்பது ஆஷ் மரத்தால் செய்த வளைந்த மட்டையாலும் ஸ்லிட்டர் எனப்படும் சிறிய தோல் பந்தாலும் ஆடப்படுவது. தொன்மையான ஆட்டம், யுனெஸ்கோ நிறுவனம் 2018-இல் அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். இரண்டிலும் அணிக்குப் பதினைந்து பேர். எச் வடிவக் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் பந்து சென்றால் கோல். அது மூன்று புள்ளிக்குச் சமம். சட்டத்துக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. ஆகவே 3-27 என்று எழுதியிருந்தால் மூன்று கோலும் இருபத்தேழு புள்ளியும், மொத்தம் 36 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். கால்பந்தில் 2025 முதல் தொலைவிலிருந்து அடிப்பதற்கு இரண்டு புள்ளி என்றொரு புதிய விதி வந்திருக்கிறது. அதைப் பற்றி அந்நாட்டு முதியவர்கள் நாள் முழுவதும் வாதிடுவார்கள். நாம் அதற்குள் நுழைய வேண்டாம்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியது வேறொன்று. இந்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை. டப்ளின் நகரின் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் முன்னிலையில் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர், வாரம் பிறந்ததும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார், அல்லது பண்ணையில் மாடுகளைக் கவனிப்பார். அவரை விலைக்கு வாங்கவும் விற்கவும் முடியாது. எந்த ஊரில் பிறந்தாரோ அல்லது வளர்ந்தாரோ அந்த ஊர்க் கழகத்துக்கு ஆடுவார்; திறமை இருந்தால் அந்த ஊர் அடங்கிய கவுண்டிக்கு ஆடுவார். கவுண்டி என்பதை மாவட்டம் என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் நம் காதில் மாவட்டம் என்ற சொல் அலுவலக வாடையோடு விழுவதால் கவுண்டி என்றே வைத்துக்கொள்வோம்.

உண்மையில் கவுண்டியும் அலுவலக வாடையோடு பிறந்ததுதான். அயர்லாந்தின் 32 கவுண்டிகளையும் வகுத்தவர்கள் ஐரிஷ் மக்கள் அல்லர். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த நார்மானியரும் அவர்களுக்குப் பின் ஆங்கில அரசும், வரி தண்டவும் நீதி வழங்கவும் நாட்டைக் கூறுபோட்ட எல்லைகள் அவை. கடைசிக் கவுண்டியான விக்லோ 1606-இல் வரையறுக்கப்பட்டது. இப்படி ஆள வந்தவர் போட்ட கோட்டை ஆளப்பட்டவர் எப்படித் தம் உயிராகக் கொண்டனர் என்பது வியப்புக்குரிய வரலாறு. 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி கவுண்டியின் தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் விடுதியில் சிலர் கூடிக் கேலிக் விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கினர். வந்தவர்கள் ஏழு பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அக்கழகம் 1887-இல் நாடு தழுவிய போட்டிகளைத் தொடங்கியபோது கவுண்டியை அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டது. அதன்பின் மூன்று நான்கு தலைமுறைகளில் வரிக்கோடு உறவுக்கோடாக மாறிவிட்டது.

அந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஆட்சித்துறையே சான்று. வட அயர்லாந்தில் 1973-இல் கவுண்டி மன்றங்கள் கலைக்கப்பட்டு வேறு உள்ளாட்சிப் பிரிவுகள் வந்தன. ஆயினும் அங்குள்ள டைரோனும் ஆர்மாவும் களத்தில் குறைவின்றி வாழ்கின்றன. டப்ளின் கவுண்டி 1994-இல் நிருவாகத்துக்காக மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நீலச் சட்டை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. டிப்பரேரிக்கு 1899 முதல் 2014 வரை வடக்கு, தெற்கு என இரண்டு தனி மன்றங்கள் இருந்தன. நூற்றுப் பதினைந்து ஆண்டுகள் அரசு ஏட்டில் இரண்டாக இருந்த நிலம், ஆட்டம் என்று வந்தால் ஒரே டிப்பரேரியாக நின்றது. அரசாங்கம் கலைத்ததைப் பேச்சு கலைக்க மறுத்திருக்கிறது.

இனி அந்தப் பேச்சாளர்களைக் கவனிப்போம். அவர்களை ரசிகர் என்று சொல்ல நமக்குத் தயக்கம் உண்டு. ரசிகர் என்பவர் எதிரே அமர்ந்து சுவைப்பவர். சுவை குறைந்தால் எழுந்து போகலாம், வேறொரு கலைஞரைத் தேடலாம். டிப்பரேரியில் பிறந்தவருக்கு அந்த வசதி இல்லை. அணி பத்தாண்டு தோற்றாலும் கில்கென்னி பக்கம் போக முடியாது. எனவே ஆதரவாளர் என்று சொல்வோம். அதுவும் முழுப் பொருத்தம் இல்லை என்றாலும் ரசிகரைவிட மேல்.

அரங்கில் இந்த ஆதரவாளர்கள் அமரும் முறையும் நமக்குப் புதிது. ஐரோப்பியக் கால்பந்தில் இரு தரப்பினரையும் வேலி போட்டுப் பிரித்து வைப்பார்கள். குரோக் பார்க்கில் பிரிப்பது இல்லை. நீலமும் பொன்னும் அணிந்த டிப்பரேரிக் குடும்பத்துக்கு அருகிலேயே சிவப்பு அணிந்த கார்க் குடும்பம் அமர்ந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. முன்வரிசையில் இருக்கும் அம்மையார், களத்தில் பந்தைத் தவறவிட்ட இளைஞனின் தாயாராக இருக்கக்கூடும். சம்பளம் வாங்காத, பக்கத்து ஊர்ப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. திட்டவே மாட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. திட்டிவிட்டு மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் என்கிறோம்.

இங்கே நம் இலக்கணம் உதவிக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் ஐரிஷ் மொழியிலும் தன்மைப் பன்மை, கேட்பவரை உள்ளே சேர்த்ததா வெளியே நிறுத்தியதா என்று காட்டாது. தமிழ் காட்டும். நாம் என்றால் கேட்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் அவர் வெளியே. நம் அண்டை மொழியான மலாயும் இதே வேறுபாட்டைக் 'கீத்தா', 'காமி' என்ற இரு சொற்களால் காட்டுகிறது. இந்த அவையில் உள்ள பலருக்கும் இரண்டு மொழிகளிலும் இந்த நுட்பம் பழக்கம். ஐரிஷ் ஆதரவாளரின் ஒரே சொல்லை நாம் தமிழில் பெயர்க்க முயன்றால் ஒவ்வொரு முறையும் நின்று, இவர் யாரோடு பேசுகிறார் என்று கேட்டாக வேண்டும். பக்கத்து இருக்கையில் கார்க் நாட்டவர் இருந்தால் நாங்கள். வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் நாம். மறைந்த தந்தையோடு மனத்துக்குள் பேசினால்? அதற்கும் நாம் என்பதே பொருந்தும் என்று நினைக்கிறோம். மொழிபெயர்ப்பு வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

இந்தப் பன்மை எப்படிச் சுருங்கும், எப்படி விரியும் என்பதற்கு அண்மை நிகழ்ச்சி ஒன்றைப் பார்ப்போம். டிப்பரேரி ஹர்லிங்கின் பெருங்குடிகளுள் ஒன்று. கில்கென்னி, கார்க் ஆகியவற்றுக்கு அடுத்து அதிகப் பட்டங்கள் பெற்றது. 2010, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் அயர்லாந்துப் பட்டம் வென்றது. பிறகு சரிவு. 2024-இல் மன்ஸ்டர் மாகாணப் போட்டியில் ஐந்து அணிகளுள் கடைசி இடம். நான்கு ஆட்டங்களில் ஒரு சமநிலை, மூன்று தோல்வி. அவற்றுள் தர்லஸ் ஊரிலேயே, கழகம் பிறந்த மண்ணிலேயே, கார்க்கிடம் 18 புள்ளி வேறுபாட்டில் தோற்றது பெரிய அவமானம். அன்று செம்பிள் அரங்கம் சிவப்பால் நிறைந்திருந்தது. வென்ற அணியின் மக்கள் பெருந்திரளாக வந்திருந்தனர். சொந்த ஊர்க்காரரோ பலர் வீட்டில் தங்கிவிட்டனர்.

தோல்வியைவிட அந்தக் காலி இருக்கைகளைப் பற்றித்தான் பேச்சு அதிகம் நடந்தது. கடைசிவரை உட்கார்ந்திருப்பது கடமையா? மோசமாக ஆடும் அணிக்குக் கூட்டமாகப் போய் நிற்பது பற்றா, பழக்கமா? ஊதியம் இல்லாமல் உழைக்கும் பிள்ளைகளைக் கைவிட்டோமே என்று ஒரு சாரார். கண்ணுக்கு முன்னே உழைப்புத் தெரிந்தால் நாங்கள் வருவோம் என்று மறு சாரார். இரண்டாவது வாக்கியத்தைக் கூர்ந்து கேளுங்கள். அணியை நோக்கி "நாங்கள்" என்று சொல்லும்போது ஆட்டக்காரர்கள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டார்கள். நாம் என்ற சொல் உடையும் ஓசை அது. ஆங்கிலத்தில் அந்த ஓசை கேட்பதில்லை. தமிழில் எழுதினால் பளிச்சென்று தெரிகிறது.

2025 தொடக்கமும் நம்பிக்கை தரவில்லை. லீக் இறுதியில் கார்க்கிடம் தோல்வி. மன்ஸ்டர் போட்டியில் அதே கார்க்கிடம் மீண்டும் தோல்வி. அந்த ஆட்டத்தில் டேரா மெக்கார்த்தி என்ற 19 வயது இளைஞர், பந்து போடப்படுவதற்கு முன்பே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அரையிறுதியில் கில்கென்னியை இரண்டு புள்ளியில் வென்ற ஆட்டத்திலும் அவர் வெளியேற்றப்பட்டார். இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி ஊரார் என்ன பேச வேண்டும்? தொழில்முறை அணி என்றால் விடை எளிது. இங்கே அவர் பக்கத்துக் கழகத்துப் பையன். அவருக்கு முந்தைய ஆண்டுகளில் ஊர் காத்துக்கொண்டிருந்த எதிர்காலம். டிப்பரேரியின் பதின்ம வயதினர் அணி 2024-இலும், 20 வயதுக்குட்பட்டோர் அணி 2025-இலும் அயர்லாந்துப் பட்டம் வென்றிருந்தன. "பிள்ளைகள் வளர்ந்து வருகிறார்கள், பொறுங்கள்" என்பது எல்லாக் கவுண்டியிலும் தோற்றவர் சொல்லும் பழைய ஆறுதல். அந்த ஆண்டு அது மெய்யானது.

ஜூலை 20 அன்று இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் கார்க். இடைவேளையில் கார்க் 1-16, டிப்பரேரி 0-13. ஆறு புள்ளி பின்தங்கிய அணியைப் பார்த்து எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாம் பாதி முழுவதிலும் கார்க் எடுத்தது இரண்டே புள்ளி. டிப்பரேரி மூன்று கோலும் பதினான்கு புள்ளியும் எடுத்தது. முடிவு 3-27, 1-18. மெக்கார்த்தி மட்டும் 1-13 எடுத்தார். கோல்காப்பாளர் ரீஸ் ஷெல்லி ஒரு பெனால்டியைத் தடுத்ததோடு தாமே முன்னேறி வந்து ஒரு புள்ளியும் அடித்தார். இருபத்தொன்பதாவது பட்டம். முந்தைய ஆண்டு வீட்டில் தங்கியவர்களும் அன்று தயக்கமின்றி "வென்றோம்" என்றார்கள். அதில் நியாயம் உண்டா என்று கேட்டால், உண்டு என்றே நாம் சொல்வோம். குடும்பத்தில் சண்டையிட்டுப் பேசாமல் இருந்தவர் திருமண வீட்டுக்கு வந்தால் வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்பதில்லை.

கார்க் பக்கத்தையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். 2005-க்குப் பிறகு அவர்களுக்குப் பட்டம் இல்லை. 2024 இறுதியில் கிளேர் அணியிடம் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் தோற்றவர்கள், அடுத்த ஆண்டு இடைவேளையில் முன்னிலையில் இருந்து இப்படிச் சரிந்தார்கள். அவர்களுடைய தன்மைப் பன்மை அந்த இரவில் எவ்வளவு கனத்திருக்கும்!

பட்டமில்லாத ஆண்டுகளுக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயர் நம்மை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அவர்கள் அதைப் பஞ்சம் என்கிறார்கள். டிப்பரேரி ஹர்லிங் அணி 1971-க்குப் பின் பதினாறு ஆண்டுகள் மன்ஸ்டர் பட்டமின்றி இருந்தது. 1987-இல் கில்லார்னி ஊரில் நடந்த மறு ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில், கார்க்கை வென்றது. கோப்பையை வாங்கிய தலைவர் ரிச்சர்ட் ஸ்டேக்கலம், பஞ்சம் தீர்ந்தது என்ற பொருள்பட முழங்கினார். அந்தப் பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது.

வேறு நாட்டில் இதை மிகைக்கூற்று என்று விட்டுவிடலாம். அயர்லாந்தில் முடியாது. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நேர்ந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறினர். அவ்வளவு துயரம் சுமந்த சொல்லை ஓர் ஆட்டத்துக்குப் பயன்படுத்துவது தகுமா? தகாது என்று சொல்ல நமக்கு முதலில் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கையாள்பவர்கள் அன்று மாண்டவர்களின் வழிவந்தவர்கள். பெரிய துயரத்தின் சொல்லைச் சிறிய துயரத்துக்குக் கடன் வாங்கும்போது அச்சொல் மலிந்துபோகக்கூடும். அதே வேளையில் நாவில் தங்கியும் விடுகிறது. நினைவுச் சின்னத்தில் மட்டும் பொறித்த சொல்லைப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை காண்பார்கள். கோப்பைப் பேச்சில் கேட்ட சொல்லின் பொருளை வீட்டில் கேட்பார்கள். இரண்டில் எது நல்லது என்பதை ஆசிரியர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறோம்.

ஹர்லிங் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் டிப்பரேரியின் கால்பந்துக்காரர்கள் நம்மைக் கோபிப்பார்கள். அவர்கள் கவுண்டியின் தென்பகுதியில் வலுவாக இருக்கிறார்கள். ஆனால் ஹர்லிங் நிழலில் வாழ்கிறார்கள். ஒரே சட்டை, ஒரே பெயர், இரண்டு விதி. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க்கில் டிப்பரேரியும் டப்ளினும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது அரசுப் படையினர் சுட்டதில் 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் டிப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அரங்கின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 2020 நவம்பர் 22 அன்று, அந்நாளைய வெள்ளை பச்சைச் சட்டையை நினைவூட்டும் உடையில் டிப்பரேரி கார்க்கை வென்று மன்ஸ்டர் கால்பந்துப் பட்டம் பெற்றது. 1935-க்குப் பின் அதுவே முதன்முறை. அவ்வாண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு கவுண்டிகளும் 1920-இல் வந்த அதே நான்கு. ஆனால் அது பெருந்தொற்றுக் காலம். அரங்கில் பார்வையாளர் இல்லை. எண்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் தொலைக்காட்சி முன்னே தனித்தனியே அமர்ந்து, தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்து "வென்றோம்" என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மேயோ கவுண்டியைப் பற்றி ஒரு சொல். கால்பந்தில் அவர்கள் கடைசியாகப் பட்டம் வென்றது 1951-இல். அதன்பின் 1989 முதல் 2021 வரை பதினொரு ஆண்டுகளில் இறுதிக்கு வந்து பதினொன்றிலும் தோல்வி. 1996-இலும் 2016-இலும் மறு ஆட்டத்தில், ஒரே புள்ளியில். 1951 அணி வெற்றியோடு திரும்பும் வழியில் ஒரு சவ ஊர்வலத்தை மதிக்காமல் சென்றதாகவும், பாதிரியார் சபித்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை. மேயோ மக்களில் பலருக்கே அந்தக் கதை சலித்துவிட்டது. வெளியார்தான் அதை விரும்பிச் சொல்கிறார்கள். நாமும் வெளியார் என்பதால் இத்தோடு நிறுத்துவோம்.

இப்போது மொழி மன்றத்துக்குரிய கேள்விக்கு வருகிறோம். 1884-இல் கழகத்தைத் தொடங்க முன்னின்ற மைக்கேல் கியூசாக் ஓர் ஆசிரியர்; கிளேர் கவுண்டியில் ஐரிஷ் மொழி வழங்கிய பகுதியில் பிறந்தவர். ஆட்டமும் மொழியும் சேர்ந்தே மீள வேண்டும் என்பது அவர் தலைமுறையின் எண்ணம். ஆட்டம் மீண்டது. மொழி?

மொழிக்குரிய இடங்கள் ஆட்டத்தில் இருக்கின்றன. டிப்பரேரியின் பெயரே ஐரிஷ் சொல். ஆரா என்ற இடத்துக் கிணறு என்று பொருள்படும். சட்டையில் கவுண்டியின் பெயர் ஐரிஷ் எழுத்தில் இருக்கும். ஆட்டக் கையேட்டில் வீரர்களின் பெயர் ஐரிஷ் வடிவிலும் அச்சாகும். கோப்பை வாங்கும் தலைவர் முதற்சில வாக்கியங்களை ஐரிஷில் சொல்வது மரபு. பள்ளியில் கற்றதை அவர் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, உள்ளத்தில் உள்ளதை ஆங்கிலத்தில் தொடர்வார். விதிவிலக்காக, 1980-இல் கால்வே ஹர்லிங் அணி 57 ஆண்டுகளுக்குப் பின் வென்றபோது தலைவர் ஜோ கானலி ஆற்றிய ஐரிஷ் உரை இன்றளவும் போற்றப்படுகிறது. ஆனால் அரங்கை விட்டு வெளியே வந்து, யாரை மாற்றியிருக்க வேண்டும், நடுவர் ஏன் விசில் ஊதினார் என்று தொடங்கும் வாதம் பெரும்பாலான ஊர்களில் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. அயர்லாந்துக் குடியரசின் 2022 குடிக்கணக்கில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் பேச வரும் என்றனர். கல்வி நிலையத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே.

வாழ்த்துக்கும் தொடக்கத்துக்கும் ஒரு மொழி, சண்டைக்கு இன்னொரு மொழி. இந்த நிலைமை நமக்கு முற்றிலும் அந்நியம் என்று இந்த அவையில் யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழில் வரவேற்புரை சொல்லிய மாணவர் மேடையை விட்டு இறங்கியதும் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி நண்பரோடு எந்த மொழியில் வாதிடுகிறார் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். ஒரு மொழிக்கு மரியாதை தருவது எளிது; அதில் கோபித்துக்கொள்வதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

மாற்று வழி காட்டியவர் ஒருவர் இருந்தார். கெர்ரி கவுண்டியின் டிங்கிள் பகுதியில் பிறந்த மிஹால் ஓ மூர்ஹர்டி பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1949-இல் வானொலியில் ஐரிஷ் மொழியில் முதன்முதலாக ஆட்ட வருணனை செய்தார், 2010 வரை இரு மொழியிலும் தொடர்ந்தார், 2024-இல் மறைந்தார். அவருடைய வருணனையில் பந்தோடு சேர்ந்து வீரரின் ஊரும் உறவும் தொழிலும் வந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் விரைந்து பேசும்போதும் ஐரிஷ் சொற்றொடர் இயல்பாக வந்து விழும். விளக்கம் தர அவர் நிற்பதில்லை, பந்து போய்க்கொண்டிருக்கிறதே! கேட்பவர் பந்தைத் தொடர்ந்து ஓடும் அவசரத்தில் சொல்லையும் பிடித்துக்கொண்டார். 1996-இல் தொடங்கிய ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியும் ஊர்க் கழக ஆட்டங்களை ஐரிஷ் வருணனையோடு ஒளிபரப்பி அதே வழியில் செல்கிறது. ஐரிஷ் சரளமாக வராதவர்களும் அதைப் பார்க்கிறார்கள், ஆட்டத்துக்காக.

இறுதியாக, பிறந்த மண்ணை விட்டுப் போனவர்கள். அயர்லாந்தில் மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி லீட்ரிம். 1841-இல் அங்கே ஏறத்தாழ 155,000 பேர் இருந்தனர். 2022-இல் ஏறத்தாழ 35,000 பேர். இவ்வளவு சிறிய இடம் பதினைந்து பேரைத் திரட்டுவதே அரிது. கால்பந்தில் 1927-இல் கொனாக்ட் மாகாணப் பட்டம் வென்றது, பிறகு 1994-இல்தான். அந்த இரண்டாவது வெற்றியின்போது அணித் தலைவர் டெக்லன் டார்சியும், 1927-இல் தலைவராக இருந்த முதியவர் டாம் கேனனும் சேர்ந்து கோப்பையை உயர்த்தினர். அறுபத்தேழு ஆண்டுகள் இரு கைப்பிடிகளுக்கிடையே இருந்தன. டார்சி டப்ளினில் வளர்ந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோரின் மண்ணுக்காக அவர் ஆடினார். அவருடைய தன்மைப் பன்மை பிறந்த இடத்திலிருந்து வரவில்லை. வீட்டில் கேட்ட பேச்சிலிருந்து வந்தது.

கொனாக்ட் போட்டியில் இலண்டனும் நியூயார்க்கும் கூட ஆடுகின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும். கப்பலேறியவர்களின் அணிகள் அவை. 2023 ஏப்ரலில் நியூயார்க் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு வெற்றி பெற்றது, பெனால்டி உதைகளில். தோற்ற அணி லீட்ரிம். தன் பிள்ளைகளை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்காவுக்கு அனுப்பிய கவுண்டி, அங்கு சென்றவர்களிடம் தோற்றது. அன்று அந்த அரங்கில் இருந்த லீட்ரிம் வம்சத்தவர் நாம் என்றாரா, நாங்கள் என்றாரா, யாரை நோக்கிச் சொன்னார் என்பதை ஆங்கில இலக்கணம் நமக்குச் சொல்லாது.

நம் பகுதியிலும் இந்த ஆட்டம் நடக்கிறது. சிங்கப்பூரில் கேலிக் லயன்ஸ் என்றொரு கழகம் உண்டு. கோலாலம்பூரில் உள்ள கழகத்தின் பெயர் 'ஒராங் ஏர'. முதற்சொல் மலாய், மனிதர் என்று பொருள். இரண்டாவது அயர்லாந்தின் ஐரிஷ் பெயர். ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் தம் கழகத்துக்கு ஆங்கிலம் கலவாத பெயர் வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் பகைவராக நிற்கும் டிப்பரேரியும் கார்க்கும் இங்கே ஒரே சட்டையில் ஆடலாம்; பயிற்சித் திடலில் அவர்கள் 'கீத்தா'. அங்கே பிற்பகலில் நடக்கும் இறுதி ஆட்டத்தை இங்கே இரவில் ஒரே திரையில் பார்க்க உட்காரும்போது, பந்து மேலே எறியப்படும் அந்த நொடியில், இருவரும் தனித்தனியே 'காமி' ஆகிவிடுவார்கள்.